சம்மட்டி அடியும் உருக்கின் இயல்பும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழும் திசையிலுள்ள அதன் கரையை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் திசையிலுள்ள கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். படுவான்கரை வயல்களுக்கு வேண்டிய மண்வெட்டியும் தாக்கத்தியும், காடு வெட்டுவார்க்கு வேண்டிய கோடரியும், பாறை உடைப்பார்க்கு வேண்டிய உளியும் அலவாங்கும் தொன்றுதொட்டுக் கம்மாலைகளிலே அடிக்கப்பட்டு வந்தன. கடைகளில் அவை ஆயத்தமாகக் கிடைக்கும் இக்காலத்திலும், தேய்ந்த உளியைக் காய்ச்சி நுனி திருத்துவதற்குக் கொல்லனையே நாட வேண்டியிருக்கின்றது. அவன் நுனியைச் செம்மையாகக் காய்ச்சி நீரில் தோய்ப்பான்; தலையைத் தோய்க்க மாட்டான். கல்லுளியின் நுனிக்குத் தோய்ச்சல் வேண்டும், தலைக்குத் தோய்ச்சல் ஆகாது என்பது கொற்றொழிலின் பழைய விதிகளுள் ஒன்று.

நுனி கடினமாக இருத்தல் வேண்டும் என்பதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. கருங்கல்லைக் குடைவது கல்லினும் கடினமாக இருந்தாலன்றித் தன் கூரை இழக்கும். ஆயின் தலை ஏன் மென்மையாக இருத்தல் வேண்டும்? சம்மட்டியின் அடி முழுவதையும் முதலில் ஏற்பது தலையே. அடிபடும் இடமன்றோ மிகுந்த கடினமுடையதாக இருத்தல் வேண்டும் என்று மாணவன் ஒருவன் வினவின் அவ்வினா நேர்மையானதே. மெதுவாக அழுத்தும் பாரத்தைப் பற்றியதாயின் அவன் கூற்றுச் சரியாகும். அடி என்பது மெதுவான பாரம் அன்று. அது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்துள் முடிந்துவிடும் நிகழ்ச்சி. காலம் அவ்வாறு சுருங்கும்போது உருக்கு வேறொரு பொருள்போல் ஒழுகுகின்றது. அவ்வொழுக்கத்தின் காரணத்தை விஞ்ஞானிகள் செவ்வையாக விளக்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான்.

உருக்கு என்பது இரும்பும் சிறிதளவு காபனும் சேர்ந்த கலவை. பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் பயன்படும் மென்னுருக்கில் நூற்றுக்குக் கால் பங்களவே காபன் உண்டு. கருவியுருக்கில் அது நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒன்றரைப் பங்கு வரை செல்லும். குரோமியம், மொலித்தனம், தங்குதன், வனேடியம் என்பனவும் தேவைக்கேற்பச் சேர்க்கப்படும். இவ்வுருக்கின் குணங்களைப் பேசுமிடத்துக் கடினம், தாங்குதிறன் என்னும் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. கீறலுக்கும் பதிவுக்கும் இடங்கொடாமை கடினம். உடையாமலே அடியின் சத்தியை உட்கொள்ளுதல் தாங்குதிறன். கண்ணாடி கடினமுடையது, தாங்குதிறன் அற்றது. ஈயம் கடினமற்றது, ஆயினும் அடித்தால் உடையாது. பேச்சுவழக்கில் இரண்டையும் உறுதி என்ற ஒரே சொல்லால் குறிப்பதனால் நேரும் குழப்பம் சிறிதன்று. விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் ஈடுபட்ட சுவாமி விபுலாநந்தர் பிறந்த இந்நிலத்திலாவது இவ்வேறுபாடு பேணப்படுதல் நன்று.

கொல்லன் உளியை ஏறத்தாழ 780 பாகை செல்சியசு வரை காய்ச்சுகின்றான். அந்நிலையில் இரும்பின் அணுக்கள் தம் அடுக்கை மாற்றிக்கொண்டு காபனைத் தம்மிடையே கரைத்து வைத்திருக்கும். மெல்ல ஆறினால் காபன் பிரிந்து இரும்புக் காபைட்டாகத் திரளும், உருக்கும் மென்மையாகும். திடீரென நீரில் தோய்த்தால் காபன் வெளியேற நேரமின்றி அகப்பட்டுக்கொள்ள, அணுவடுக்கு நெரிந்து மிகுந்த கடினம் பெறும். மாட்டென்சைற்று எனப்படும் இவ்வமைப்புக் கடினத்திலே தலைசிறந்ததாயினும் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே நுனியை மட்டும் தோய்த்தெடுத்து, மேற்பகுதியில் எஞ்சிய சூடு நுனியை நோக்கி மீண்டும் இறங்குமாறு விடுகின்றான். தேய்த்துப் பளபளப்பாக்கிய முகத்தில் அப்போது நிறங்கள் தோன்றும்: 230 பாகையளவில் வைக்கோல் மஞ்சள், 255 அளவில் கபிலம், 280 அளவில் ஊதா, 300 அளவில் நீலம். நீர்மேற் படிந்த எண்ணெய்ப் படலத்தில் நிறங்கள் தோன்றுவது எவ்வாறோ அவ்வாறே, உருக்கின்மேல் உண்டாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தில் ஒளி அலைகள் ஒன்றோடொன்று தலையிடுவதனால் இவை தோன்றுகின்றன. கொல்லன் மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் இடையே தான் விரும்பிய நிறம் நுனியை அடைந்தவுடன் முழுவதையும் நீரிலிட்டு ஆற்றுகின்றான். தலையோ முதலிற் காய்ச்சப்படாததால் கடினமேறாமலே நிற்கும். வெப்பமானியின்றிப் பத்துப் பாகை வேறுபாட்டைக் கண்ணால் அளக்கும் இத்திறன் போற்றத்தக்கது.

தோய்க்கும் நீரும் ஒரு பொருட்டே. செஞ்சூடான உருக்கு நல்ல நீரில் இறங்கியவுடன் அதனைச் சுற்றி நீராவிப் படலம் ஒன்று மூடிக்கொண்டு குளிர்தலைத் தாமதப்படுத்தும். உப்புநீரில் அப்படலம் விரைவிற் சிதைந்துவிடுவதால் குளிர்தல் கடுமையாகும். மட்டக்களப்பு வாவியின் நீர் உவர்நீர். கோடையில் உவர் மிகுந்தும், வடகீழ்ப் பருவமழையால் ஆறுகள் பெருகும் மாதங்களில் உவர் குறைந்தும் இருக்கும். ஆதலின் வாவிநீரில் தோய்ப்பவனுக்குப் புரட்டாதியில் தோய்த்த உளியும் தையில் தோய்த்த உளியும் முற்றும் ஒன்றாக அமைதல் அரிது. கடுமையாகத் தோய்ந்த உளி மிகுந்த கடினம் பெறுவதோடு வெடிப்புறுவதற்கும் ஏதுவுண்டு.

சூட்டின் எல்லையை மீறி உருக்கை அடித்தால் யாது நிகழும் என்பதற்கு இத்தீவின் பழைய உருக்கே சான்று பகரும். பண்டைக்கால இலங்கையும் தமிழகமும் உலகெங்கும் பெயர்பெற்ற உருக்கைச் செய்தன. சமனலவாவிப் பகுதியில், மேற்கு நோக்கிய குன்றுச்சரிவுகளிலே, தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெவ் அம்மையார் கண்டறிந்தார். அவ்வுலையைத் திரும்ப அமைத்து 1994ஆம் ஆண்டில் உருக்கிக் காட்டியபின், அதன் விவரத்தை 1996இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். துருத்தியின்றிக் காற்றொன்றாலேயே காபன் மிகுந்த உருக்கு அங்கே கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபு உருக்கு இடம்பெறுகின்றது. தமிழகத்தில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்வாய்வு செய்தோர் உருக்குச் செய்த உலைகளின் எச்சங்களைக் கண்டனர். இலங்கைக் கனிப்பொருளாய்வின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, மூசையில் இரும்பை இட்டு உருக்காக்கும் முறையை அழியுந் தறுவாயிற் கண்டு, 1908இல் வெளியான தம் நூலிற் பதிந்து வைத்தார். உருக்கு என்னும் நம் சொல்லுக்கு உறவான கன்னட 'உக்கு' என்பதே ஐரோப்பியர் வாயில் 'ஊட்சு' எனத் திரிந்தது என்பர்.

இவ்வூட்சு உருக்கின் கட்டிகள் 1790களில் பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. ஜோர்ச் பியர்சன் 1795இல் அதனை ஆராய்ந்து அரசவைக் கழகத்தின் முன் கட்டுரை படித்தார். கொல்லர் ஒருவரின் மகனான மைக்கல் பரடே, ஸ்டொடார்ட் என்னும் கத்தித் தொழிலாளரோடு சேர்ந்து 1819 முதல் சில ஆண்டுகள் அதிலே உழைத்தார். ஆயின் ஐரோப்பியக் கொல்லர் பலர் கையில் ஊட்சு உருக்குச் சம்மட்டியின் கீழ்ப் பொடிந்து போயிற்று. பொருளிலே பிழையில்லை. காபன் குறைந்த இரும்பை வெண்சூட்டில் அடித்துப் பழகியவர் அவர். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு காபன் உடைய ஊட்சு, 1,200 பாகையை அணுகும்போதே படிகங்களின் எல்லைகளில் உருகத் தொடங்கும். பொசுபரசு கலந்திருப்பின் அதற்கும் கீழேயே உருகும். உருகிய மென்படலத்தால் பிரிக்கப்பட்ட படிகங்கள் அடியைத் தாங்குவன அல்ல. ஈர மணற்கட்டிபோல் உதிரும். கீழைநாட்டுக் கொல்லர் அதனைச் செஞ்சூட்டில், ஏறத்தாழ 700 பாகைக்கும் 900 பாகைக்கும் இடையே வைத்துப் பொறுமையாக அடித்தனர். அச்சூட்டில் காபைட்டுத் துகள்கள் உடைந்து வரிவரியாக அமைய, உருக்கும் நன்கு இழைந்து கொடுக்கும். 1970களில் அமெரிக்காவின் ஸ்ரான்போட்டுப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய மிகுகாபன் உருக்கை மீண்டும் ஆராய்ந்தபோது, அவர்கள் வந்துசேர்ந்த சூடும் ஏறக்குறைய அதுவேயாயிற்று.

சூடு மிகுந்தால் மென்மையும், குறைந்தால் வன்மையும் ஒழுங்காக ஏறி இறங்கும் என்று கருதுதலும் தவறாகும். 200 பாகைக்கும் 300 பாகைக்கும் இடைப்பட்ட நீலச்சூட்டில் மென்னுருக்கானது குளிர்ந்த நிலையைவிட எளிதில் வெடிக்கும். காபன், நைதரசன் அணுக்கள் அவ்வெப்பநிலையில் இடம்பெயர்ந்து படிகங்களின் நழுவலைத் தடுப்பதே காரணம். கல்லடியில் வாவியைக் கடந்து 1924இல் திறக்கப்பட்ட மானிங் சீமாட்டி பாலத்தை அறியாதார் இப்பகுதியில் இலர். அக்காலத்து உருக்குப் பாலங்களின் உறுப்புக்களைச் செஞ்சூடான தறையாணிகளைக் கொண்டு பிணைப்பது வழக்கம். செஞ்சூடு தணிந்து நீலச்சூட்டுக்கு இறங்கியபின் ஆணியை அடித்தல் கூடாது என்பது அத்தொழிலாளர் கைக்கொண்ட விதி.

குளிரைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பமாகவே இருக்கும் இந்நிலத்தில் கம்மாலைக்காரன் அதனை எதிர்கொள்வதில்லை. எனினும் குளிர் உருக்கை எங்ஙனம் மாற்றும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1943ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போட்லண்டுத் துறையில், அமைதியான நீரில் கட்டப்பட்டு நின்ற 'ஸ்கெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் பெருமுழக்கத்துடன் நடுவே பிளந்தது. இரும்பின் அணுவடுக்கில் நழுவல் நிகழ்வதற்கு வெப்பத்தின் துணை வேண்டும். குளிரில் அத்துணை குறைய, நழுவுதற்குப் பதிலாகப் பிளத்தல் எளிதாகின்றது. வேகமும் குளிர்போலவே செயற்படுகின்றது. அடி விரைவாக விழின் நழுவலுக்கு நேரம் கிடைப்பதில்லை. பிரெஞ்சு அறிஞர் சார்ப்பி 1901இல் அமைத்த ஊசற் சம்மட்டி, காடியிட்ட துண்டை ஒரே அடியில் முறித்து, அது உட்கொண்ட சத்தியை அளப்பது. அச்சம்மட்டியின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் அளவே. கைச்சம்மட்டியின் வேகமும் ஏறத்தாழ அதுவே, அல்லது சற்று மிகுதி.

இனி அடியின் உள்ளே நிகழ்வதை நோக்குதல் தகும். உளியின் தலையில் சம்மட்டி பட்டவுடன் உளி முழுவதும் ஒருங்கே அமுங்குவதில்லை. அமுக்கம் ஓர் அலையாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 5,000 மீற்றர் வேகத்தில் நுனியை நோக்கி ஓடுகின்றது. ஒரே பருமனுள்ள இரண்டு உருக்குத் தண்டுகள் மோதும்போது, மோதும் வேகத்தின் ஒவ்வொரு மீற்றருக்கும் சதுர மில்லிமீற்றருக்கு 20 நியூற்றன் அளவான தகைப்பு உண்டாகும். சம்மட்டி உளியினும் மிகப் பருத்ததாயின் அது 40ஐ அணுகும். செக்கனுக்குப் 10 மீற்றர் வேகத்தில் விழும் அடிக்கு இது 400 நியூற்றன். மென்னுருக்கு வளையத் தொடங்கும் தகைப்பு ஏறத்தாழ 250 நியூற்றனாகும். ஆதலின் தலை மென்மையாயின் ஒவ்வோர் அடிக்கும் சிறிது பரந்துகொடுக்கும். நாளடைவில் அது காளான்போல் விரியும். அடி நேராக விழாமல் விளிம்பிற் படின் இக்கணக்குப் பொருந்தாது. சிறிய இடத்திற் குவியும் தகைப்புப் பன்மடங்காகும். விபத்துக்கள் பெரும்பாலும் விளிம்பிலேயே தொடங்குகின்றன.

அடியின் சத்தி எங்கே செல்கின்றது? உலோகம் நிலையாக உருமாறும்போது அதன்மேற் செலவாகும் வேலையில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவு வெப்பமாகின்றது என்பதை ஜி. ஐ. தெயிலரும் உடனுழைத்தோரும் 1925, 1934 ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகளாற் காட்டினர். குளிர்ந்த ஆணியைப் பலமுறை அடித்தவன் அது கையைச் சுடுவதை அறிவான். உருமாற்றம் மெல்ல நிகழின் வெப்பம் சுற்றிலும் பரவி ஆறிவிடும். விரைவாக நிகழின் பரவுதற்கு நேரமில்லை. கருவியுருக்கில் வெப்பம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் பரவும். செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலோ அது மில்லிமீற்றரின் நூற்றில் மூன்று பங்கே பரவும். அஃது ஒரு தலைமயிரின் பருமனிலும் குறைவு. ஆகவே வெப்பம் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றது. இதனை முதலிற் கண்ணாற் கண்டு எழுதியவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் திரெஸ்கா. நியம மீற்றருக்கான பிளாற்றினக் கலப்புலோகத்தைச் சம்மட்டியால் அடிக்கையில், ஒளி தணிந்திருந்த உலோகத்தின்மேல் ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு ஒளிக்கோடுகள் தோன்றி மறைந்ததை 1878இல் அவர் விவரித்தார். அடியால் உண்டான வெப்பம் அக்கோடுகளிலே திரண்டு நின்றது.

கருவியுருக்குக்கு இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் இயலும். ஜோன்சன், குக் என்னும் இருவர் 1983இல் வெளியிட்ட சமன்பாடு, உருமாற்றத்தின் அளவு, அதன் வேகம், வெப்பநிலை ஆகிய மூன்றும் உலோகத்தின் எதிர்ப்பை எங்ஙனம் மாற்றும் என்பதைக் கூறுவது. அவர்கள் ஆராய்ந்த உலோகங்களுள் எஸ்-7 என்னும் அதிர்ச்சி தாங்கும் கருவியுருக்கும் ஒன்று. உளிகளுக்கும் துளையிடு கருவிகளுக்கும் உரியது அது. அவர்கள் தந்த எண்களின்படி, வேகம் பத்து மடங்கு ஏறும்தோறும் அதன் எதிர்ப்பு நூற்றுக்கு 3 பங்கிற்குச் சற்றுக் குறைவாகக் கூடும். வேகம் பத்தாயிரம் மடங்கானாலும் கூடுவது நூற்றுக்கு 11 பங்கே. இதற்கு மாறாக வெப்பநிலை 100 பாகை ஏறும்தோறும் எதிர்ப்பு நூற்றுக்கு 7 பங்களவு குறையும். இவ்வுருக்குத் தன் நீளத்தில் பாதியளவு விகாரம் அடைவதாகக் கொள்வோமாயின், சதுர மில்லிமீற்றருக்கு 2,000 நியூற்றன் அளவான தகைப்பில் ஒவ்வொரு கன மில்லிமீற்றரிலும் ஒரு யூல் அளவு வேலை செலவாகும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு வெப்பமாகி அங்கேயே தங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 250 பாகை உயரும். அதனால் நேரும் தளர்ச்சி நூற்றுக்கு 17 பங்கு. வேகத்தாற் பெற்ற வலிமை முழுவதையும் வெப்பம் தின்று மேலும் கொள்கின்றது.

இங்ஙனம் ஓரிடம் சற்றே தளர்ந்தால் அடுத்த உருமாற்றமும் அங்கேயே நிகழும்; அதனால் மேலும் சூடேறும், மேலும் தளரும். சுற்றியுள்ள உருக்கு அசையாது நிற்க, ஒரு மெல்லிய தளத்திலே உருமாற்றம் முழுவதும் குவிகின்றது. அத்தளத்தின் வெப்பநிலை கொல்லன் உலையிற் காய்ச்சும் சூட்டை எட்டவும் கூடும். அடி முடிந்த கணமே சுற்றியுள்ள குளிர்ந்த உருக்கு அவ்வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீரின்றியே அங்கு ஒரு தோய்ச்சல் நிகழ்ந்துவிடுகின்றது. செனரும் ஹொலமனும் 1944இல் உருக்குத் தகட்டைத் துளைத்தபோது கண்ட பட்டையின் அகலம் மில்லிமீற்றரின் நூற்றில் மூன்று பங்கு அளவே. மேலே வெப்பம் பரவும் தூரமாகக் கணக்கிட்ட அளவும் அதுவே என்பதைக் கவனித்தல் வேண்டும். உருக்கை மினுக்கி அமிலத்தால் அரித்து நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கின் இப்பட்டை வெள்ளையாகத் தோன்றும். சுற்றியுள்ள பகுதியைவிட அது கடினமானது, நொறுங்குவது. அதன் வழியே வெடிப்பு ஓடுகின்றது.

வினவிய மாணவனுக்கு விடை இதிலே உளது. கடினமான உருக்கின் தகைப்பு மிகுதியாதலால் ஒரே அளவு உருமாற்றத்திற்கு அதில் மிகுந்த வெப்பம் பிறக்கும். தோய்ந்த உருக்குக்கு உருமாறும்போது மேலும் வலுப்பெறும் ஆற்றலும் சிறிதே. ஆதலின் தளர்ச்சி அதனை எளிதில் வென்று, உருமாற்றம் ஒரு பட்டையிற் குவியும். மென்மையான தலையோ குறைந்த தகைப்பில் இழைந்து, அடிக்க அடிக்க வலுவேறி, உருமாற்றத்தைப் பரந்த இடத்திற் பகிர்ந்துகொள்ளும். உடைந்த சம்மட்டி முகங்களை ஆராய்ந்தோர் சில்லு பெயர்ந்த இடத்தின் அடியிலே இவ்வெள்ளைப் பட்டைகளைக் கண்டுள்ளனர். செய்யப்படும் சம்மட்டிகளின் முகவிளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருப்பதும், ஒரு சம்மட்டியை மற்றொரு சம்மட்டியால் அடித்தல் ஆகாது என்று தொழிற்பட்டறைகளிலே எச்சரிப்பதும் இதனாலே.

பெயர்ந்த சில்லு எங்கே செல்லும் என்பது பௌதிகத்தோடு மாத்திரம் நிற்கும் வினா அன்று. அது பெரும்பாலும் அரிசிமணியினும் சிறியது, கூரிய விளிம்புடையது, அடிப்பவனும் உளி பிடிப்பவனும் அடிபடும் இடத்தையே உற்று நோக்குகின்றனர். உலோகத்தை உலோகத்தால் அடித்தலே கண்ணுக்குள் அந்நியப்பொருள் நுழைவதற்கு மிகப் பொதுவான காரணம் என்பது கண் மருத்துவர் உலகெங்கும் கண்டது. விரைந்து செல்லும் நுண்ணிய சில்லு கண்ணின் முன்தோலைத் துளைத்து உட்புகும்போது வலி சிறிதாகவே இருக்கலாம். காயம் தானாக மூடிக்கொள்ளும். தூசி விழுந்தது என்று எண்ணிக் கண்ணைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வோரும் உளர். உள்ளே தங்கிய இரும்பு மெல்லத் துருவேற, அவ்விரும்பு விழித்திரையிற் பரவி மாதங்களிலோ ஆண்டுகளிலோ பார்வையை அழிக்கும். உரிய காலத்தில் கதிர்ப்படம் எடுத்துச் சில்லு இருக்குமிடம் அறிந்து வெளியே எடுத்தால் கண் தப்பலாம். சம்மட்டி வேலையின் பின் கண்ணிற் சிறு குத்தல் ஏற்பட்டதென்று கூறுபவனை, பார்வை நன்றாயிருப்பினும், மருத்துவமனைக்கு அனுப்புதலே முறை.

உருக்கின் சேர்க்கையை மாற்றி இக்குறையை நீக்கலாகாதா எனின், ஓரளவுக்கு ஆகும். எஸ்-7 போன்றவற்றில் காபனை நூற்றுக்கு அரைப் பங்காகக் குறைத்து, குரோமியமும் மொலித்தனமும் சேர்த்தமை அடியைத் தாங்குதற்பொருட்டே. பெதலகேம் உருக்காலையில் பிரடெரிக்கு தெயிலரும் மௌன்செல் வைற்றும் 1900ஐ ஒட்டிக் கண்ட விரைவுருக்கு வேறொரு திறத்தது. அதன் பிற்கால வகை நூற்றுக்கு 18 தங்குதன், 4 குரோமியம், 1 வனேடியம் கொண்டது. 600 பாகையளவிலும் கடினம் குன்றாது உலோகங்களைக் கடையும். 1900இல் பரிசுப் பொருட்காட்சியில் செஞ்சூடேறிய கருவி கூர் மழுங்காது கடைந்ததைக் கண்டோர் வியந்தனர். ஆயினும் அது கடைதற்கு ஏற்றதேயன்றிச் சம்மட்டியடிக்கு ஏற்றதன்று. பழைய கருவி ஒன்று பயனின்றிக் கிடக்கின்றதே என்று அவ்வுருக்கை உளியாக்குபவன் தன் கண்ணுக்குத் தீங்கு தேடுபவனே. கல் துளைக்கும் காற்றழுத்தப் பொறிகளில் தண்டு தாங்குதிறன் மிக்க உருக்காகவும், முனை மட்டும் தங்குதன் காபைட்டாகவும் அமைவதைக் காணலாம். நுனிக்கு ஓர் இயல்பு, தண்டுக்கும் தலைக்கும் வேறோர் இயல்பு என்ற கொல்லனின் பிரிவே அங்கும் உளது.

லொறிகளின் பழைய வில்லுத்தகடுகளிலிருந்து கத்தியும் உளியும் அடிப்பது இப்போது பெருவழக்கு. அவ்வுருக்குப் பெரும்பாலும் நூற்றுக்கு 0.6 பங்களவு காபன் உடையது. எண்ணெயிலேயே நன்கு கடினமேறுவது. அதனை உவர்நீரில் தோய்த்தல் வேண்டாத கடுமை. தகடு முன்னரே தோய்ச்சல் பெற்று வந்ததாதலால், தலையாகவிருக்கும் முனையையும் ஒருமுறை செஞ்சூடாகக் காய்ச்சிச் சாம்பலிற் புதைத்து மெல்ல ஆறவிடல் வேண்டும். கத்திக்கு வேண்டாத இவ்வேலை உளிக்கு இன்றியமையாதது. காளான்போல் விரிந்த தலையின் விளிம்பு பல அடிகளால் வலுவேறி நொறுங்கும் நிலையை எய்தியிருக்கும். மெல்லிய வெடிப்புக்களும் ஆங்கே காணப்படும். அவ்விளிம்பைச் சாணைக்கல்லில் முற்றாக நீக்கி, தலையைச் சற்றுக் குவிவாகவும் விளிம்பைச் சரிவாகவும் ஆக்கியபின்னரே அவ்வுளியை மீண்டும் அடித்தற்கு எடுத்தல் வேண்டும். அடிப்பவனும் உளி பிடிப்பவனும் ஆகிய இருவரும் கண்ணாடிக் கவசம் அணிந்திருத்தல் வேண்டும்.